நெல், பாத்திரம், மீன், தேங்காய்நார்: டெல்டா லோடு பற்றிக் கேள்வி பதில்

தஞ்சாவூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து 24 வருடம் ஆகிறது. அதற்கு முன் நெல் மண்டியில் கணக்கு எழுதினேன். வண்டி, லோடு, பில் என்று எதில் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (விவசாயி, நீடாமங்கலம் பக்கம்): ஐயா, ஆன்லைனில் பதிவு செய்தேன், விரல்ரேகை வைத்தேன், பணமும் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் கொள்முதல் நிலைய வாசலில் என் நெல் 9 நாள் கிடந்தது. கேட்டால் லாரி வரவில்லை என்கிறார்கள். ஏன் வருவதில்லை?

பதில்: அண்ணே, நிலையத்தில் லாரி இல்லாத அதே நாளில் கிடங்கு வாசலில் போய்ப் பாருங்கள், லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நிலையத்திலிருந்து கிடங்கு 25 கிலோமீட்டர் என்றால் ஓட்டம் முக்கால் மணி நேரம். இறக்குவதற்குக் காத்திருப்பது அரை நாள், சில சமயம் ஒரு ராத்திரி. வாடகை டன் கணக்கில்தான். நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. மூன்று நடை அடிக்க வேண்டிய வண்டி ஒரு நடையோடு நின்றுவிடுகிறது.

ரயில் பக்கமும் இதே கதை. டெல்டாவில் விளையும் நெல்லை எல்லாம் அரைக்க இங்குள்ள ஆலைகள் போதாது. அதனால் தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், திருவாரூர் ஸ்டேஷன்களிலிருந்து கூட்ஸில் வெளிமாவட்ட ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். 42 வேகன் உள்ள ஒரு கூட்ஸுக்குச் சுமார் 2,000 டன் வேண்டும். 40 கிலோ சிப்பமாக (மூட்டையாக)க் கணக்கிட்டால் 50,000 சிப்பம். பத்து சக்கர லாரியில் 17 டன் வைத்தால் கிட்டத்தட்ட 118 லோடு. அந்த 50,000 சிப்பமும் நிலையத்தில் ஒரு முறை, ஸ்டேஷனில் ஒரு முறை என்று குறைந்தது இரண்டு தடவை மனிதர் தலையில் ஏறி இறங்குகின்றன. மழை தூறினால் வேலை நிற்கும், ஆனால் ரயில்வே கொடுத்த நேரம் நிற்காது. அது தாண்டினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம்.

லாரியில் ஜிபிஎஸ் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். இதில் ஜிபிஎஸ் என்ன செய்யும்? வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும், இறக்க ஆள் கொண்டுவராது. என்னைக் கேட்டால், கிடங்கு வாசலில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று பதிய வேண்டும். அதை வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் குறித்து டோக்கன் கொடுக்கலாம். கன்வேயர் வைத்து இரண்டு ஷிஃப்ட் இறக்கினால் இருக்கிற லாரிகளே இன்னும் பல நடை அடிக்கும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருவது நமக்குப் புதிதில்லை. 2025 அக்டோபரில் மூட்டைகள் நனைந்ததை எல்லோரும் பார்த்தோம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் எப்போது அறுப்போம் என்பது அன்றைக்கே தெரியும். லாரிக்கும் ஆளுக்கும் அன்றிலிருந்தே திட்டம் போடலாம்.

கேள்வி (கொள்முதல் நிலையத்தில் பருவகால ஊழியர்): எடை போட்டு ஏற்றிய நெல் கிடங்கில் குறைகிறது. எங்களைத்தான் கேட்கிறார்கள். திருட்டு எதுவும் இல்லை, சார்.

பதில்: நம்புகிறேன். கணக்கைப் பாருங்கள். 17 சதவீத ஈரத்தில் பிடித்த 40 கிலோ சிப்பம், காய்ந்து 15 சதவீதத்துக்கு வந்தால் 39 கிலோ 60 கிராம்தான் இருக்கும். குறைந்த 940 கிராமும் காய்ந்து போன தண்ணீர். ஆயிரம் சிப்பத்துக்கு 940 கிலோ. பத்து நாள் வெயிலில் அட்டியில் (மூட்டை அடுக்கில்) கிடந்த நெல்லுக்கு இது சாதாரணம். அதனால் லாரி கிளம்பும்போது ஈரமானியில் அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு எழுதி, மீட்டர் தெரியப் படம் எடுத்து வையுங்கள். கிடங்கிலும் எடையோடு ஈரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஈரம் எழுதாத எடைச்சீட்டை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

கேள்வி (பாத்திர வியாபாரி, கும்பகோணம்): பெங்களூருக்கு அனுப்பிய வண்டி வழியில் பழுது. அதற்குள் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) நாள் முடிந்துவிட்டது. அபராதம் வருமா?

பதில்: வழியில் பிடிபட்டால் வரும். கட்ட வேண்டிய வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும். 2021-லிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. உங்கள் தூரம் 400-ஐத் தாண்டினால் 3 நாள் கிடைத்திருக்கும். பில் முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்த பின் 8 மணி நேரம், இந்த இடைவெளியில் காரணம் காட்டி நீட்டிக்கலாம். வேறு வண்டிக்கு மாற்றினால் புது வண்டி எண்ணைப் பில்லில் வண்டி விவரம் எழுதும் பகுதி பி-யில் சேர்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். டிரைவர் பழுது என்று போன் செய்தவுடன் மெக்கானிக்கைத் தேடுவதோடு பில்லையும் திறந்து பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (மளிகைக்கடை, பாபநாசம்): அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக மாறியது?

பதில்: 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 26 கிலோவுக்கு அது இல்லை. அவ்வளவுதான்.

கேள்வி (சின்ன யானை எனும் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கும் இளைஞர், மன்னார்குடி): அண்ணே, திருச்சிக்கு லோடு கிடைக்கிறது, திரும்பும்போது காலியாக வருகிறேன். லோடு ஆப்பை நம்பலாமா?

பதில்: தம்பி, ஆப் லோடைக் காட்டும், பார்ட்டியின் நாணயத்தைக் காட்டாது. நானே ஒரு முறை போனில் வந்த லோடை நம்பி இரண்டு வண்டி அனுப்பினேன். இறக்கிய பிறகு பேலன்ஸ் வாடகை வரவே இல்லை. எல்.ஆரில் (லாரி ரசீதில்) சரக்கை இறக்கியவர் கையெழுத்து இல்லாததால் கேட்கவும் வழியில்லை. டிரைவர்கள் இரண்டு பேருக்கும் கைக்காசு போட்டுக் கொடுத்தேன். ஆகவே டீசலுக்கும் டோலுக்கும் போதும் அளவு அட்வான்ஸ் வாங்காமல் ஏற்றாதே. வந்த நேரம், இறக்கிய நேரம், கையெழுத்து மூன்றும் எல்.ஆரில் இருக்கட்டும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) எவ்வளவு என்பதையும் ஏற்றும் முன்பே பேசிவிடு. ஒரே ஆப்பை நம்பாமல் திருச்சியில் இரண்டு புக்கிங் ஆபீஸில் முகம் காட்டி வை. அதிக எடை மட்டும் ஏற்றாதே. 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

கேள்வி (மீன் வியாபாரி, நாகப்பட்டினம்): கேரளாவுக்குக் குளிர் வண்டியில் அனுப்பியும் அடியில் இருந்த பெட்டிகள் கெட்டுப்போயின. வண்டியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் வண்டியில் இருக்காது. குளிர் வண்டி ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அப்படியே வைத்திருக்கும். சூடான மீனைக் குளிர வைக்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதில்லை. இறங்குதளத்திலேயே மீனுக்குச் சமமான எடை உடைத்த ஐஸ் போட்டு, மீன் குளிர்ந்த பிறகு ஏற்றுங்கள். உருகிய தண்ணீர் வடிய பெட்டியில் ஓட்டை வேண்டும். காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். வெப்பநிலையைப் பதியும் சின்னக் கருவி ஒன்றை அடிப்பெட்டியில் வையுங்கள். எந்த ஊரில், எத்தனை மணிக்குச் சூடு ஏறியது என்று பிறகு பார்க்கலாம். டிரைவர் டீ குடிக்க நின்றபோது குளிர் எந்திரத்தை நிறுத்தினாரா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி (தேங்காய்நார்க் கழிவுக் கட்டி ஏற்றுமதி, பேராவூரணி): தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு இப்போதெல்லாம் ஏன் தாமதம்? சரக்கை அடுக்கும் மரப் பலகைக்கும் (பேலட்) சான்று கேட்கிறார்கள்.

பதில்: 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. அந்த வழியில் போனால் 10 நாளுக்கு மேல் கூடும். எந்த வழி என்று புக்கிங்கின்போதே கேட்டு, அதற்கேற்ப டெலிவரி தேதி சொல்லுங்கள். மரப் பலகையின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அதற்கு முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பலகைக்காக முழுக் கன்டெய்னரையும் திருப்பி அனுப்பலாம். கஜா புயலில் தென்னையை இழந்து மீண்டு வந்த ஊர் உங்களுடையது. பலகையில் மிச்சம் பிடிக்கப் போய்ச் சரக்கை இழக்காதீர்கள்.

கேள்வி (டிரைவரின் மனைவி, திருத்துறைப்பூண்டி): ஐயா, அவர் ஓட்டும் வண்டியில் கேமரா வைத்திருக்கிறார்கள், கண் மூடினால் சத்தம் போடுமாம். ஆனால் தூங்க நேரம் கொடுப்பதில்லை. யாரிடம் கேட்பது?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது, அதிலும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான். பழைய சட்டத்தில் 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு என்றும் இருந்தது. இப்போதைய விதியைத் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.  

முதலாளி வைத்த ஜிபிஎஸ் உங்களுக்கும் சாட்சிதான். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் அப்படியே இருக்கிறது. ஒரு மாத ஓட்டத்தை எடுத்துத் தரச் சொல்லி முதலாளியிடம் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். தராவிட்டால் எரிபொருள் ரசீதும் டோல் மெசேஜும் போதும், தேதியும் நேரமும் அதில் இருக்கும். அவற்றைச் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.