எம்எஸ் (சாதா இரும்பு) ஸ்கொயர் டியூப்ல, இரும்பு தேய்க்குற கிரைண்டர் முன்னும் பின்னும் ஓடுற மாதிரி ஸ்லைடு செஞ்சேன், கிரீஸ் போட்டும் பாதியில பிடிக்குது, என்ன பண்ணலாம்?

டியூப்பைப் பிடிச்சு தள்ளினா ஓடுது, கிரைண்டர் கைப்பிடியைப் பிடிச்சு தள்ளினாதான் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அப்போ கிரீஸ் மேல குத்தம் இல்லைங்க, ஸ்லீவ், அதாவது உள் டியூப் மேல ஓடுற வெளி டியூப் துண்டு, அதோட நீளம்தான் பத்தல. மேஜை டிராயரை ஒரு ஓரமா பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு நிக்கும்ல, அதேதான் இங்கயும் நடக்குது. நீங்க தள்ளுற இடம் டியூப்லேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்கோ அது ஸ்லீவ் நீளத்தைப் போல 2 மடங்கைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு கணக்கு உண்டு, தாண்டினா எவ்வளவு பலமா தள்ளுறீங்களோ அவ்வளவு இறுக்கமா பிடிக்கும், தம் கட்டித் தள்ளியும் பிரயோஜனம் இல்ல. உங்க ஸ்லீவ் 60 மிமீ, கைப்பிடி 200 மிமீ தள்ளி இருக்கு, 3 மடங்குக்கு மேல. ஸ்லீவை 150 மிமீ ஆக்குங்க, இல்லன்னா ரெண்டு சின்ன துண்டை ரெண்டு முனையிலயும் வச்சு இணைச்சிடுங்க, நடுவுல காலியா இருந்தாலும் ஒன்னும் ஆகாது.

அடுத்தது, வெளி டியூப்புக்கு உள்ள நீளவாக்குல ஒரு வெல்டிங் தையல் இருக்கும், விரல் விட்டு தடவினாலே தெரியும், அதை அரம் போட்டு எடுத்துடுங்க.

அப்புறம் இரும்பு மேல இரும்பு நேரா உரசவே வேணாம்ங்க. கிச்சன்ல காய் நறுக்குற வெள்ளை பிளாஸ்டிக் போர்டு இருக்குல்ல, எச்டிபிஇ, அதுல பட்டை பட்டையா அறுத்து ரெண்டு டியூப்புக்கும் நடுவுல குடுங்க. நைலானும் நல்லாதான் இருக்கும், ஆனா அது ஈரத்தை இழுத்து ஊதும், மழைக்காலத்துல டைட் ஆயிடும், அதனால எனக்குப் பிடிக்காது. வெளி டியூப்ல ரெண்டு பக்கம் ஓட்டை போட்டு நட்டு வெல்ட் பண்ணி, போல்ட் முனை அந்தப் பட்டையை அழுத்துற மாதிரி வச்சுக்கிட்டா ஆட்டத்தை வேணும்ங்கற அளவுக்கு டைட் பண்ணிக்கலாம், தேய்ஞ்சாலும் கவலை இல்ல.

பட்டை போட்டதும் இருக்குற கிரீஸை சுத்தமா தொடச்சிடுங்க, ஏன்னா அதுல கிரைண்டிங் தூசி ஒட்டி டியூப்பையே தேய்ச்சிடும், காஞ்சே ஓடட்டும். மெட்டலாவேதான் விடணும்னா கிராஃபைட் பவுடர் தடவுங்க. துருப்பிடிக்குதேன்னு ரெண்டு டியூப்பையும் எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும் மாத்திடாதீங்க, அது ஒன்னோட ஒன்னு உரசினா ஒட்டிப் பிச்சுக்கும், எம்எஸ்ஸை விட மோசம்.

இதெல்லாம் செஞ்சும் ஒரே இடத்துல மட்டும் பிடிச்சா, வெல்ட் சூட்டுல டியூப் வளைஞ்சிருக்கும், ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வச்சு வெளிச்சத்துல பாருங்க.