சீல் புதிது, கசிவு மட்டும் பழசு!

கே: பைக்கின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தின் ஷாக் குழாய்கள்) எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் ஆயில் சீல் இரண்டையும் வீட்டிலேயே மாற்றினேன். இரண்டு வாரத்தில் இடது பக்கம் மறுபடி கசிகிறது. போலி சீலாக இருக்குமோ?

ப: சீலைத் திட்டுவதற்கு முன் ஃபோர்க்கின் குரோம் குழாயைத் தடவிப் பாருங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகத்தை மேலும் கீழுமாக இழுங்கள். நகம் தட்டும் இடத்தில் குரோம் பொத்து, துரு கிளம்பியிருக்கிறது. ஊசிமுனையளவு புள்ளி போதும், ஒவ்வொரு குலுக்கலிலும் சீலின் உதட்டை அரம்போல் அறுக்கும். எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான்.

சின்னப் புள்ளி என்றால், எழும்பிய விளிம்பை 2000 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். குழாயைச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் விழுகிற கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். பள்ளத்தில் எபாக்சி வைத்து மட்டம் செய்பவர்களும் உண்டு; கொஞ்ச காலம் தாங்கும். குரோம் உரிந்தே போயிருந்தால் குழாயை மாற்றுங்கள், அல்லது மறுபடி ஹார்டு குரோம் ஏற்றுங்கள்.

குழாய் வழவழவென்று இருக்கிறதா? அப்படியானால் மாட்டும்போதே சீல் கிழிந்திருக்கும். குழாயின் மேல்முனை விளிம்பு கூரானது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, ஃபோர்க் ஆயில் தடவி, சீலை அதன்மேல் வழுக்கி இறக்க வேண்டும். சீலின் உள்ளே மெல்லிய சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே இருக்கட்டும். பழைய சீலை மேலே வைத்து, பொருத்தமான பிவிசி குழாயால் சமமாகத் தட்டுங்கள். சீலைப் பிடித்து நிறுத்தும் கிளிப் உட்காரும் காடி (வெட்டுப் பள்ளம்) சுற்றிலும் முழுசாகத் தெரியும்வரை நிறுத்த வேண்டாம். ஒரு பக்கம் காடி மறைந்திருந்தால் சீல் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

எண்ணெயை மில்லி கணக்கில் மட்டும் ஊற்றினீர்களா? உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் கணக்கைக் கெடுக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கைப் பத்துப் பதினைந்து முறை அடித்துக் காற்றை வெளியேற்றி, முழுக்க அமுக்கிய நிலையில், குழாய் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண்ணெய்க்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறையும்; பள்ளத்தில் இறங்கும்போது அழுத்தம் எகிறிச் சீலைத் தள்ளும்.

கே: டிஸ்க் பிரேக் கேலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அமுக்கும் பாகம்) பிஸ்டன் சீல், பேட் எல்லாம் புதிது. சிறிது தூரம் ஓட்டினால் சக்கரம் பிடித்துக்கொள்கிறது.

ப: கோளாறு மேலே லீவர் பக்கத்திலா, கீழே கேலிப்பரிலா என்று முதலில் பிரியுங்கள். சக்கரம் இறுகி நிற்கும்போதே கேலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேற்றும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். டிஸ்க் சுடும், கவனம். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் விடுபட்டால் கேலிப்பர் குற்றவாளி இல்லை. லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில், பிரேக் ஆயில் டேங்கின் அடியில் உள்ள ஊசித் துளை அடைத்திருக்கிறது. சூடேறி விரியும் ஆயில் மேலே திரும்ப வழியில்லாமல் பேடை அமுக்குகிறது. மெல்லிய கம்பி இழையால் அந்தத் துளையைத் திறங்கள்.

ஆயில் பீச்சாமல் சக்கரம் அப்படியே நின்றால், கேலிப்பர் வழுக்கும் பின்களைப் பாருங்கள்; அவை சரியென்றால் சீல் காடியைச் சோதியுங்கள். கேலிப்பரில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. லீவரை அழுத்தும்போது சதுர வெட்டுள்ள ரப்பர் சீல் இம்மியளவு முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். காடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சீல் வெளியே தள்ளப்பட்டுப் பிஸ்டனை நெரிக்கும். மூங்கில் குச்சியைச் சீவி, காடியின் மூலைவரை சுரண்டுங்கள். சுத்தமான கேலிப்பரில் பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போக வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் ரப்பரைத் தொடக்கூடாது, ஊதிவிடும். பிரேக் ஆயிலே போதும்.

கே: எவ்வளவு பிளீட் செய்தாலும் (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றினாலும்) லீவர் பஞ்சாகவே இருக்கிறது.

ப: காற்று பெரும்பாலும் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸைப் பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டில் பதுங்கியிருக்கும். ஹேண்டிலைத் திருப்பி அந்த இடம் உயரத்தில் வரும்படி வைத்து, ஹோஸைத் தட்டி, லீவரை மெதுவாகச் சின்னச் சின்னதாக அசையுங்கள்; டேங்கில் குமிழி வரும். அதற்கும் மசியவில்லையென்றால் லீவரை இரவு முழுக்கக் கட்டி வையுங்கள். அந்தப் போல்ட்டைக் கழற்றினால் பழைய செம்பு வாஷர்களை மறுபடி போடாதீர்கள், இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

திறந்து பல மாதம் கிடந்த பிரேக் ஆயில் பாட்டிலை ஊற்றாதீர்கள். டாட் 4 வகை ஆயில் ஈரம் உறிஞ்சும். புதிதாய் இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 ஆகக் குறையலாம். டாட் 5.1 இதனோடு சேரும். டாட் 5 சிலிக்கான், இதோடு கலக்கவே கூடாது.

கே: பின் மோனோ ஷாக்கையும் (பின்னால் உள்ள ஒற்றை ஷாக் அப்சார்பர்) வீட்டில் பிரிக்கலாமா?

ப: கேஸ் ஏற்றியதென்றால் வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. இரு முனைகளிலும் உள்ள புஷ்களை (போல்ட் நுழையும் உருளை வளையங்கள்) மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.