எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

"பாலியல் வன்முறைக்கு ஆளானவர் முதலில் போலீஸிடம்தான் போக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்கே போகலாம். இந்தியச் சட்டப்படி (பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு) அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை. காவல்துறைக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை.

குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். உடுத்தியிருந்த துணியை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும், காகிதப் பைதான் சரி. பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவருடைய சம்மதம் அவசியம். 'இரு விரல் சோதனை' (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது) செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கறாராகச் சொல்லிவிட்டது. டாக்டர் ஆரம்பித்தால் தாராளமாக மறுக்கலாம்.

அப்புறம் புகார். எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போடலாம், "எங்கள் எல்லையில்லை" என்பது சாக்குதான்.

அலைச்சலைக் குறைக்கத்தான் 2015 முதல் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. சிகிச்சை, சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாவற்றுக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. மையம் எங்கே என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181க்குக் கூப்பிடுங்கள். யாராவது ஒருவர் கூடவே போங்கள்; அங்கே காத்திருக்கும் நேரம்தான் கொடுமை.