காதில் பூ சுற்றியது யார்?

கேள்வி: விமானம் ஒலித்தடையை உடைக்கிற நொடியில்தான் வெடிச்சத்தம் வரும் என்று படித்திருக்கிறோம். ஆனால் 2020 மே 20 அன்று பெங்களூரை அதிரவைத்த சத்தம், விமானப்படை விமானம் வேகத்தைக் குறைத்தபோது வந்திருக்கலாம் என்றது பாதுகாப்புத் துறை. யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?
– வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் காதில் பூ இருப்பது நிஜம். சுற்றியது பாதுகாப்புத் துறை அல்ல, நீங்கள் படித்த பாடம்.

ஒருமுறை இடித்துத் தள்ளிவிட்டு நிம்மதியாகப் போக வானத்தில் சுவர் ஏதும் இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கிற நேரம் முழுவதும், விசைப்படகு அலையை இழுத்துச் செல்வதுபோல விமானமும் அதிர்வலையை இழுத்துக்கொண்டே போகிறது. அந்த அலை தொடுகிற ஊருக்கெல்லாம் ஆளுக்கொரு 'டமார்'. 30,000 அடி உயரத்தில் பறந்தால் சத்தம் விழும் பட்டையின் அகலம் ஏறக்குறைய 48 கி.மீ. வழியில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், விமானியைத் தவிர. ஒலி வேகத்தைத் தாண்டும்போது அவர் பார்ப்பது, வேகமானியிலும் உயரமானியிலும் முள் சட்டென்று துள்ளுவதை மட்டும்தான். காற்றழுத்தத்தை அளக்கும் துளையை அதிர்வலை கடந்துபோவதன் அடையாளம் அது.

இன்னொன்றும் கேளுங்கள். சமமட்டத்தில் பறந்தபடி தடையைத் தாண்டும் அந்த நொடியின் சத்தம் பெரும்பாலும் தரைக்கே வராது! 36,000 அடியில் குளிர் மைனஸ் 56 டிகிரி, அங்கே ஒலி வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. தரையில், 15 டிகிரியில், 1,225 கி.மீ. கீழே வர வரக் காற்று சூடாவதால் அலை மேல்நோக்கி வளைகிறது. அந்த உயரத்தில் மாக் 1.15-க்குக் (மாக் 1 என்றால் ஒலி வேகம், 1.15 என்றால் அதைப்போல 1.15 மடங்கு) கீழே பறந்தால், அலை தரையைத் தொடாமலே திரும்பிவிடும். பெங்களூர் கேட்டது அதைவிட வேகமாகப் பறந்தபோது கிளம்பிய அலையாகத்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்புத் துறை அறிக்கை சொன்ன உயரம் 36,000 முதல் 40,000 அடி. அங்கிருந்து நேர் கீழே இறங்கவே அலைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 65, 80 கி.மீ. தள்ளியும் கேட்கலாம் என்றார்களே, அவ்வளவு தூரம் வர மூன்று நான்கு நிமிடம். விமானி வேகத்தைக் குறைத்துவிட்டார் என்பதற்காக ஏற்கெனவே கிளம்பிய அலை நடுவழியில் நிற்குமா?

ஜன்னல் ஆடியதால் பலர் நிலநடுக்கம் என்றார்கள், நில அதிர்வுக் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. போர் விமானத்தின் சத்தம் தரையில் பொதுவாக 50–100 பாஸ்கல் அழுத்தம், காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கண்ணாடி கிடுகிடுக்கும், அவ்வளவுதான். தாழப் பறந்தாலோ, வேகம் கூட்டும்போதும் திரும்பும்போதும் அலைகள் ஓரிடத்தில் குவிந்தாலோ கதை வேறு, கண்ணாடி நொறுங்கும்.

தடை என்று ஒன்று உண்டா என்றால், எஞ்சினைக் கேளுங்கள். மாக் 0.8-க்கு மேல் காற்றின் இழுவிசை கிடுகிடுவென ஏறுகிறது. அமெரிக்காவின் ஒய்.எஃப்-102 போர் விமானம் சமமட்டத்தில் இதைத் தாண்ட முடியாமல் திணறியது. உடலின் நடுப்பகுதியை இடுப்புபோல ஒடுக்கிய பிறகுதான், 1954-ல், தாண்டியது. உங்கள் பக்கத்து ஊரான பெங்களூரில் ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்த இந்தியப் போர் விமானம் மாருத், மாக் 2 கனவோடு பிறந்தது. கிடைத்த ஆர்ஃபியஸ் எஞ்சின்களின் விசை போதாமல் மாக் 1-ஐ எட்டவே மூச்சு வாங்கியது.

விமானத்தைச் சுற்றி வெள்ளைக் கூம்பு தெரியும் படத்தை ஒலித்தடை உடைந்ததற்கு 'ஆதாரம்' என்று அடுத்த கடிதத்தில் அனுப்பிவிடாதீர்கள். அது ஈரக்காற்று சட்டென்று விரிந்து குளிர்வதால் உண்டாகும் மேகம். மாக் 0.95-லும் வரும். வறண்ட காற்றில் மாக் 1.5-லும் வராது.