ரொறொன்ரோவில் சிப்போட்லே: அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

உங்கள் அம்மா திருகோணமலை உவர்மலையிலிருந்து முதல்முறை ரொறொன்ரோ வருகிறார், சுத்த சைவம், நீங்கள் மதியம் சாப்பிடும் சிப்போட்லே என்ற மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் திருகோணமலைதான், என் மாமியை அங்கே கூட்டிப்போன அனுபவம் உண்டு.

புரிட்டோ வேண்டாம். பெரிய ரொட்டிச் சுருள், பாதியில் பிரிந்து மடியில் கொட்டும். கிண்ணமாகவே கேளுங்கள். சோறு தேசிப்புளியும் கொத்தமல்லி இலையும் கலந்தது, அதில் பிரச்சினையே வராது. கறுப்பு பீன்ஸ், பின்ரோ பீன்ஸ் இரண்டும் சைவம். சோஃப்ரிடாஸ் என்பது மசாலா போட்ட டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி. பார்க்கக் கொத்திறைச்சி மாதிரி இருப்பதால் மாமி தொடவே மாட்டேன் என்றுவிட்டார்! சோயா மீற் போலத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதை விட்டு, வதக்கிய குடைமிளகாய், வெங்காயம் மட்டும் எடுத்தால் குவாக்கமோலுக்கு (மசித்த அவகாடோ) தனிக்காசு இல்லை. சோஃப்ரிடாஸ் எடுத்தால் உண்டு.

மேலே ஊற்ற சல்சா என்ற சம்பல் மாதிரி ஒன்று தருவார்கள்; உறைப்புக்குச் சிவப்பு சல்சா. தக்காளிச் சல்சா எங்கள் நாக்குக்கு உறைப்பில்லாத சம்பல்தான். சவர் கிரீம் கொஞ்சம் போடலாம், ஆனால் மூதூர் முட்டித் தயிரை நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏமாற்றம்தான்.

அப்புறம் முக்கியமானது: ஒரே வரிசையில் மச்சமும், அதாவது இறைச்சியும், அள்ளுவார்கள். தொடங்குமுன் கையுறையை மாற்றச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றுவார்கள். கரண்டி அருகருகே இருப்பதே அம்மாவுக்கு ஒவ்வாது என்றால், விரத நாளில் கூட்டிப்போகாதீர்கள்.