இதயத்துக்கு என்ன சாப்பாடு: எண்ணெய்த் தூக்கு முதல் உப்பு டப்பா வரை

இதய நோயாளிகளின் சாப்பாடு பற்றி வந்த கேள்விகளுக்கு உணவியல் நிபுணர் ஒருவர் தரும் பதில்கள்.

மேடம், அப்பாவுக்கு வயது 61. ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பயந்துபோய் எண்ணெயே இல்லாமல் சமைக்கிறோம். அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டேன் என்கிறார்.

எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். அவருக்கு இப்போது புரதமும் வேண்டும், வாய்க்கு ருசியும் வேண்டும். அளந்து ஊற்றுங்கள், அது போதும். தலைக்கு மாதம் அரை லிட்டர், அதாவது ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். ஒன்றாம் தேதி அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 20-ஆம் தேதியே தீர்ந்துவிட்டால் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தோசைக்கல்லிலும் பொரியல் தாளிப்பிலும்தான் போயிருக்கும். தூக்கிலிருந்து நேராகச் சாய்த்தால் கை அளவு தப்பும். தூக்குக்குள்ளேயே ஒரு டீஸ்பூனைப் போட்டு வைத்துவிடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் ஆறு பங்கு, பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயில் இரண்டு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஒன்றரை, சூரியகாந்தியில் ஒன்று. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அவை குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டியது என்பதால் தேங்காய் எண்ணெயின் இந்தக் குணம் மாறாது. கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் பொரித்து மீந்த எண்ணெயை மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள்.

எனக்கு எல்டிஎல் 168 இருந்தது. மாத்திரை எடுத்து 82-க்கு வந்துவிட்டது. இனி மாத்திரையை விட்டுவிட்டுப் பூண்டு, வெந்தயம் என்று பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த 82 மாத்திரையால் வந்த எண். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பும். ஏற்கெனவே அடைப்பு வந்தவர்களுக்கு 70-க்கும், பலருக்கு 55-க்கும் கீழே வேண்டும் என்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் நம்பி அங்கே போய்ச் சேர முடியாது. பூண்டின் பலன் மிகச் சிறியது.

மாத்திரையோடு சேர்த்து உண்மையில் கைகொடுப்பது கரையும் நார்ச்சத்துதான். ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்டிஎல் ஓரளவு இறங்கும். அதற்குச் சமைக்காத ஓட்ஸ் 75 கிராம் வேண்டும். கஞ்சியில் இரண்டு ஸ்பூன் தூவிக்கொள்வது கணக்கில் சேராது. மாத்திரை அளவைக் குறைப்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

சுத்த சைவம், வறுவல் பொரிப்பு கிடையாது. ஆனாலும் டிரைகிளிசரைடு 340. எப்படி?

நம் பக்கத்தில் இது நிறையப் பேருக்கு வருகிறது. இதற்குக் காரணம் எண்ணெயை விட அரிசியும் சர்க்கரையும்தான். தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ஒரு நாள் கணக்கைப் போடுங்கள்: காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு, இரவு மூன்று தோசை. இடையில் நாலு காபி, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையே 35 கிராமைத் தாண்டும்.

சோற்றை ஒரு வேளைக்கு 200 மில்லி கிண்ணத்தில் ஒன்று என்று நிறுத்துங்கள். அதே அளவு கூட்டோ பொரியலோ, கூடவே சுண்டலோ கெட்டிப் பருப்போ இருக்கட்டும். காய்கறியை முதலில் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டாலும் எண் இறங்காது. சாமை, தினை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே அளவுதான். பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட வேண்டும். கூடவே ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

பிரஷர் 150/90. சமையலில் உப்பு கம்மியாகத்தான் போடுகிறோம். இந்துப்புக்கு மாறலாமா?

"கம்மி" என்பதை நாக்கை வைத்துச் சொல்ல முடியாது, பாக்கெட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் இதற்கு மேலே. அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேருகிறது, அதுவும் சோடியம்தான். ஆப்ப மாவில் போடும் சோடா உப்பும் அப்படியே.

இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான், பலவற்றில் அயோடினும் கிடையாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சீனாவில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பே வேண்டாம். எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது.

முட்டை மஞ்சள் கருவைத் தூக்கிப் போட வேண்டுமா?

தேவையில்லை. பெரும்பாலானவர்கள் நாளுக்கு ஒன்று சாப்பிடலாம். சர்க்கரை நோயோ மிக அதிக எல்டிஎல்லோ இருந்தால் வாரம் மூன்று நாலு போதும். ஆம்லெட்டை விட அவித்தது நல்லது.

அம்மாவுக்கு செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையே கூடாது என்று உறவினர் சொல்கிறார்கள்.

கீரை சாப்பிடலாம், அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது. அவர் வழக்கமாகச் சாப்பிடும் கீரைக்கு ஏற்பத்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து மாத்திரை அளவு வைத்திருக்கிறார்கள். கீரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் அதிகமாக நீர்த்துக் கசிவு வரலாம். தினமும் முருங்கைக்கீரை என்று திடீரெனத் தொடங்கினால் வால்வில் ரத்தம் உறையலாம். வாரம் இரண்டு நாள், ஒரு சின்னக் கிண்ணம் என்று வைத்து அதையே தொடருங்கள். நாட்டு மருந்துப் பொடி எதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

தாத்தாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்குகிறது. இளநீர் நல்லதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்?

இளநீரை நிறுத்தி வையுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், அவர் எடுக்கும் மாத்திரைகளோடு சேர்ந்து ஆபத்தாகலாம். தண்ணீர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால் காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தாகம் எடுத்தால் வாய் கொப்பளிக்கலாம், ஒரு துண்டு எலுமிச்சையை வாயில் வைத்துக்கொள்ளலாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், எடை பார்த்து நாட்காட்டியிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். மூச்சுத் திணறல் வரும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.