கொங்கு நாட்டுக்காரர்களுக்கு வேலையை விட்டால் வேறு பொழுதுபோக்கே கிடையாதா? வாரக் கடைசியில் என்ன பார்ப்பீர்கள், என்ன கேட்பீர்கள்?

உண்டுங்க, நிறையவே உண்டு. வெள்ளிக்கிழமை ஆரம்பிக்காது, அவ்வளவுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். இங்கே பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. டைலர்களுக்குப் பீஸ் ரேட், செக்கிங், அயர்ன்காரர்களுக்கு ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். இந்த ஓட்டத்தில் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை முதல் காட்சி என்பது வெறும் செய்தி. சனி இரவு கவர் கைக்கு வந்து, மளிகைக் கடைப் பாக்கியும் சீட்டுப் பணமும் போக மிச்சம் என்ன என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்குப் படம் ரிலீஸ் ஆகும். அவசர ஷிப்மென்ட் வந்துவிட்டால் ஞாயிறும் பாதி போய்விடும், அது வேறு கதை.

விமர்சனம் திங்கள்கிழமை டீ டைமில் நடக்கும். நடிப்பு, திரைக்கதை, ஒளிப்பதிவு எதையும் பேசமாட்டார்கள். "குடுத்த காசுக்கு ஆச்சா?" ஒரே கேள்விதான். நாலு பேர் "ஆச்சுங்க" என்றால் அடுத்த ஞாயிறும் கூட்டம் போகும். நட்சத்திரம் போட்டு மதிப்பெண் தரும் விமர்சகர்களைவிட எனக்கு இந்தக் கேள்விமேல் நம்பிக்கை அதிகம். நாலு பேர் உள்ள குடும்பம் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று போய் வந்தால் ஒரு டைலரின் ஒரு நாள் சம்பளம் காலி. அந்தக் காசுக்கு ஆனதா இல்லையா என்று கேட்பதில் என்ன தப்பு?

சினிமாவுக்கு நாங்கள் அந்நியர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் இன்றைக்கும் அங்கே ஒரு ரோடு இருக்கிறது. பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ வந்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படமான மலைக்கள்ளன் 1954-இல் பட்சிராஜா எடுத்ததுதான். தொழில் அப்புறம் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது லொக்கேஷன். கோபிச்செட்டிப்பாளையத்து வாய்க்காலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் நடிக்காத ஊர்க்கதை உண்டா?

ஆட்களும் போனார்கள். சிவகுமார், சத்யராஜ், கவுண்டமணி, பாக்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா, சுந்தர்.சி என்று அந்த வரிசை பெரிசு. ஆனால் ஒரு குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. எங்கள் பேச்சு திரையில் வந்தால் ஒன்று சிரிப்பதற்கு வரும், இல்லாவிட்டால் பஞ்சாயத்து நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருக்கும். ஒரு சாதாரண ஆள், கடன் கட்டுகிறவர், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யோசிக்கிறவர், 'ஏனுங்க' என்று பேசிக்கொண்டே கதையை நடத்திப்போகும் படம் அபூர்வம். இப்போது பெரிய இயக்குநரான லோகேஷ் கனகராஜ் கிணத்துக்கடவுக்காரர். அவருடைய படங்களில் துப்பாக்கி இருக்கிறது, ராத்திரி இருக்கிறது, பழைய பாட்டு இருக்கிறது. கிணத்துக்கடவு மட்டும் இல்லை. 2025 ஆகஸ்ட்டில் அவருடைய கூலி வந்தபோது, கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்குப் பிறகு ரஜினியும் சத்யராஜும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் கிளம்பத் தயாராக இருந்தது. பார்த்தால் 'ஏ' சான்றிதழ். பையனை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டும் போக முடியாது. ஓடிடியில் வரும் வரை நாலு வாரம் காத்திருந்தோம். காசு மிச்சம் என்று என் வீட்டுக்காரருக்கு உள்ளூர சந்தோஷம்.

பாட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்து ரசனையைத் தீர்மானிப்பது தனியார் பஸ். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எந்த ரூட்டில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள், டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சவுண்ட் சர்வீஸே நடக்கும். இளையராஜா பாதி, தொண்ணூறுகளின் தேவா மீதி. நின்றுகொண்டு வருகிற கூட்டம்கூட சத்தமில்லாமல் உதடசைக்கும். இன்ன பஸ்ஸில் பாட்டு நன்றாக இருக்கும் என்பதற்காகவே பத்து நிமிஷம் தள்ளிக் கிளம்பும் பெண்கள் எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறார்கள்.

கம்பெனிக்குள்ளேயும் பாட்டு ஓடும். பவர் டேபிள், ஓவர்லாக் என்று தையல் மிஷின்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் பெரிய ஸ்பீக்கர். காலையில் சாமி பாட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் மெலடி. நாலு மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும்போது குத்துப் பாட்டு போட்டால்தான் பீஸ் நகரும். பீகார், ஒடிசா தம்பிகள் இப்போது நிறைய. அவர்கள் காதில் இயர்போன், உள்ளே போஜ்புரி. சனிக்கிழமை மாலை மட்டும் சூப்பர்வைசர் ஸ்பீக்கரை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பார். அர்த்தம் புரியாவிட்டாலும் அந்தத் தாளத்துக்கு எங்கள் அக்காமார்கள் தலையாட்டுவதைப் பார்க்க வேண்டுமே!

கோயம்புத்தூரிலிருந்து வந்த பாப் என்றால் ஹிப்ஹாப் தமிழா ஆதி. 2012-இல் ஆல்பம், 2015-இல் ஈரோட்டுக்காரரான சுந்தர்.சி படத்தில் இசையமைப்பாளராக முதல் வாய்ப்பு. எனக்கு ராப் ஒத்து வராது, ஆனால் கோவைப் பையன் ஒருவன் யூடியூப்பை வைத்தே மேலே வந்தான் என்பதில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரு தெம்பு.

விளையாட்டில் ஊர்ப்பெருமை பேச எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 2025 ஜூலையில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் கோப்பையை திருப்பூர் தமிழன்ஸ் ஜெயித்தது. இறுதிப் போட்டியில் திண்டுக்கல்லை அவர்கள் மைதானத்திலேயே 118 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். டீ டைமில் "நம்ம டீம் ஜெயிச்சிருச்சு" என்று சொன்னால், "நமக்கு டீம் இருக்குதா?" என்று திரும்பிக் கேட்டார்கள். மேட்ச் பார்க்க நாங்கள் கோவைக்குத்தான் போக வேண்டும். 2022 இறுதிப் போட்டி கோவையில் மழையில் நின்றுபோய், கோவை கிங்ஸும் சேப்பாக்கமும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த வருஷம் கோவை தனியாகவே வாங்கியது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம் ஆனபோது மட்டும் எங்கள் கம்பெனியில் மிஷின் நின்றது. அந்தப் பையனின் அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை போட்டவர் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

இதைவிட வேடிக்கை கால்பந்து. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வாங்கிய அணி, சொந்த மைதானமாக வைத்திருந்தது கோவையை. பெயர் மட்டும் சென்னை சிட்டி. உழைப்பு இங்கே, பெயர் அங்கே! பனியனுக்கு வேறு ஊர் பிராண்டின் லேபிள் தைத்துப் பழகிய எங்களுக்கு இது பெரிசாகத் தெரியவில்லை.

எங்கள் மண்ணுக்கென்றே பொருந்திய விளையாட்டு கார் பந்தயம். லேத்தும் ஃபவுண்டரியும் பம்ப் செட்டும் இருக்கிற ஊரில் இது வராமல் எப்படி இருக்கும்? கோவைப் பந்தய வீரர் கரிவரதன் பந்தய வண்டிகளை இங்கேயே செய்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் ஓடுதளத்துக்கு அவர் பெயர்தான். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் மற்றவர்கள் விலகிவிட, ஆறே வண்டி ஓடி, அவர் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். ஆறில் நாலாவதா என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஓடி முடித்தவருக்குத்தானே புள்ளி? கிராமத்துப் பக்கம் போனால் ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம். 200 மீட்டர், 300 மீட்டர், கண்ணிமைத்தால் முடிந்துவிடும். என் அப்பாவுக்கு அதுதான் ஃபார்முலா ஒன்.

சரி, இப்போது உண்மையான பதில். இங்கே இப்போது வாரக் கடைசியில் கூட்டம் சேர்வது வள்ளி கும்மிக்கு. ஏதோ பாட்டிமார் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். அவினாசி, காங்கேயம், அன்னூர், பெருந்துறை, எந்தப் பக்கம் போனாலும் கோயில் மைதானத்திலோ மண்டபத்துக் காலி இடத்திலோ சாயந்தரம் பயிற்சி நடக்கிறது. சில மாதம் பழகிவிட்டு, ஒரே நிறச் சேலை கட்டி அரங்கேற்றம். சீரியல் லைட், மைக் செட், யூடியூப் நேரலை எல்லாம் உண்டு. நடுவில் ஆசிரியர் பாடுவார். வள்ளி தினைப்புனம் காத்தது, முருகன் வேடனாக வந்தது, வேங்கை மரமாக நின்றது, கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டது, யானை வந்து பயமுறுத்தியது என்று கதை போகும். சுற்றி வட்டமாக நூற்றுக்கணக்கில் ஆடுவார்கள். மெதுவாக ஆரம்பிக்கும் அடி, யானை வரும் இடத்தில் வேகம் பிடிக்கும். பார்க்க எளிது. குனிந்து, திரும்பி, கைகொட்டி, பக்கத்து ஆளோடு இடிக்காமல் அரை மணி ஆடினால் முழங்கால் நியாயம் கேட்கும்.

முன்பெல்லாம் ஆண்கள்தான் ஆடுவார்கள். பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து மாற்றியவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்து பத்ரப்பன். எண்பது வயதைத் தாண்டிய அவருக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு வட்டத்தில் பெண்கள்தான் அதிகம். எங்கள் நங்கையா, அதாவது அண்ணி, வங்கி வேலையில் இருக்கிறார், டி.வி. ரிமோட்டை விடாதவர். கும்மியில் சேர்ந்த பிறகு சீரியல் பெயர்கூட மறந்துவிட்டது. என் அம்மா அறுபது தாண்டியவர், "முட்டி வலிக்குது" என்று கோயிலுக்குக்கூட ஆட்டோ கேட்பவர், அங்கே மட்டும் முன்வரிசை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க யாரும் சோறு கேக்கறதில்ல கண்ணு" என்றார். எனக்குத் தெரிந்து இந்தக் கூட்டத்துக்கு அதுதான் காரணம். படமும் மேட்சும் உட்கார வைக்கிற சமாச்சாரம். வாரம் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தவரை ஞாயிற்றுக்கிழமையும் உட்கார் என்றால் எப்படி?

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். சில கும்மி மேடைகளில் சாதிப் பேச்சு நுழைந்துவிட்டது, சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்வோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தது செய்தியிலும் வந்தது. வள்ளி குறவர் வீட்டுப் பெண். கட்டிக்கொண்டவர் தேவர்களின் சேனாபதி. அந்தக் கல்யாணத்தை ராத்திரி பூராவும் பாடி ஆடிவிட்டு இப்படி ஓர் உறுதிமொழி! பாட்டைக் காதில் வாங்கினார்களா என்றே சந்தேகம். அந்த மாதிரி மேடை என்று தெரிந்தால் நாங்கள் போவதில்லை. எல்லோரையும் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், விசாரித்துச் சேருங்கள்.

வரும் ஞாயிறு அவினாசிப் பக்கம் ஓர் அரங்கேற்றம், அம்மா ஆடுகிறார். புதுப் படத்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை. பையனுக்கு அன்றைக்கு மேட்ச் இருக்கிறதாம், போனில் பார்த்துக்கொண்டே வருவேன் என்கிறான். யானை வரும் இடத்தில் மட்டும் போனை வைத்துவிட வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.